வினிகரில் ஊறும் முட்டை: ஓடு கரைவதும் சவ்வு மிஞ்சுவதும்

பச்சை முட்டையை வினிகரில் போட்டு இரண்டு நாள் வைத்தால் ஓடு முழுக்கக் கரைந்துவிடும். ரப்பர் பந்து மாதிரி அமுங்கும், வெளிச்சத்தில் பிடித்தால் மஞ்சள் கரு நிழலாகத் தெரியும் ஒரு முட்டை மிஞ்சும். பள்ளிக் கண்காட்சிகளில் அடிக்கடி வைக்கப்படும் சோதனைதான். ஆனாலும் முதல் தடவை செய்கிற பலருக்கு இது ஒழுங்காக வருவதில்லை. ஒரு பக்கம் ஓடு திட்டுத்திட்டாக ஒட்டிக்கொண்டிருக்கும், அல்லது கழுவும்போதே பிய்ந்துவிடும். எத்தனை நாள் ஊற வேண்டும் என்பதை மட்டும் பார்த்து, எவ்வளவு அமிலம் வேண்டும் என்று கணக்குப் போடாததுதான் இதற்குப் பெரும்பாலும் காரணம். கணக்கை முதலில் முடித்துவிடுவோம். அதன்பின் மற்றதெல்லாம் சுலபம்.

ஒரு முட்டைக்கு எவ்வளவு வினிகர்?

கடையில் வாங்கும் வெள்ளை முட்டை ஒன்று சுமார் 50 முதல் 60 கிராம் இருக்கும். அதில் ஓடு மட்டும் 5 முதல் 6 கிராம். அந்த ஓட்டில் ஏறக்குறைய 95% கால்சியம் கார்பனேட். மீதி கொஞ்சம் புரதமும் மக்னீசியம், பாஸ்பரஸ் உப்புகளும். சுண்ணாம்புக்கல்லும் சலவைக்கல்லும் இதே கால்சியம் கார்பனேட்தான்.

வினிகர் என்பது தண்ணீரில் கரைந்த அசிட்டிக் அமிலம். இரண்டும் சேரும்போது நடப்பது இது:

கால்சியம் கார்பனேட் + அசிட்டிக் அமிலம் → கால்சியம் அசிட்டேட் + தண்ணீர் + கார்பன் டை ஆக்சைடு

கால்சியம் அசிட்டேட் தண்ணீரில் நன்றாகக் கரையும். அதனால் ஓட்டின் மேல் படியாமல் விலகிப் போய், அடுத்த அடுக்குக்கு அமிலம் போக வழி விடும். வினிகர் இந்த வேலைக்கு இவ்வளவு பொருத்தமாக இருப்பது இதனால்தான்.

ஒரு மூலக்கூறு கால்சியம் கார்பனேட்டுக்கு இரண்டு மூலக்கூறு அசிட்டிக் அமிலம் தேவை. எடையாகச் சொன்னால் 100 கிராம் ஓட்டுக்கு 120 கிராம் அமிலம். அப்படியானால் 5 கிராம் ஓட்டுக்கு 6 கிராம் அமிலம் வேண்டும். 4% வினிகரில் 100 மில்லிக்கு 4 கிராம்தான் அமிலம் இருக்கிறது. ஆக, ஒரு முட்டைக்குக் குறைந்தது 150 மி.லி. வேண்டும். 5% வினிகர் என்றால் 120 மி.லி.

இது காகிதக் கணக்கு. நடைமுறையில் இதைப்போல் இரண்டு மடங்கு வையுங்கள்: ஒரு முட்டைக்கு 300 மி.லி., அதையும் இரண்டு தவணையாக. ஏன் இரண்டு மடங்கு? அசிட்டிக் அமிலம் பலவீனமான அமிலம். பாட்டிலில் இருக்கும்போது 200 மூலக்கூறில் ஏறக்குறைய ஒன்றுதான் பிரிந்து ஹைட்ரஜன் அயனியைத் தரும். புது வினிகரின் பிஎச், அதாவது அமிலத்தன்மையைக் காட்டும் எண், சுமார் 2.4. இந்த எண் குறையக் குறைய ஹைட்ரஜன் அயனி கூடுதல் என்று பொருள். ஓடு கரையக் கரைய அசிட்டேட் சேர்கிறது. சேர்ந்த அசிட்டேட் மீதியுள்ள அமிலத்தைப் பிரியவிடாமல் அழுத்துகிறது. பாதி அமிலம் செலவான கட்டத்தில் பிஎச் 4.7 அருகே வந்துவிடும். ஹைட்ரஜன் அயனிச் செறிவு சுமார் 200 மடங்கு குறைந்துவிட்டது என்று அதற்குப் பொருள். பிரியாத அமிலமும் ஓட்டோடு வினைபுரியும் என்பதால் வேகம் 200 மடங்கு விழாது. ஆனாலும் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குத் தளர்ந்துவிடும். பழைய வினிகரிலேயே நான்கு நாள் போட்டுவைப்பதைவிட, முதல் நாள் முடிவில் அதைக் கொட்டிவிட்டுப் புதிது ஊற்றுவது மேல்.

பாட்டில் லேபிளில் சதவீதம் அச்சிட்டிருக்கும், பார்த்து வாங்குங்கள். இந்தியாவில் விற்கும் வெள்ளை வினிகர் பெரும்பாலும் 4 முதல் 5% இருக்கும். 'செயற்கை வினிகர்' என்று போட்டிருந்தாலும் இந்த வேலைக்கு ஒன்றும் குறைவில்லை, அமிலம் ஒன்றுதான். இலங்கையில் தென்னை வினாகிரி கிடைக்கும், அதுவும் சரி. நிறமுள்ள வினிகர்களில் உள்ளே நடப்பது சரியாகத் தெரியாது, அவ்வளவுதான். அடர் அசிட்டிக் அமிலம் வாங்கிக் கலக்கிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் வேண்டாம். அது தோலைப் பொசுக்கும், அதன் ஆவி தீப்பிடிக்கும். கழிவறை கழுவும் ஆசிட் பக்கமும் போகாதீர்கள். ஓட்டைச் சில நிமிடங்களில் கரைத்துவிடும் என்பது உண்மை, சவ்வையும் கண்ணையும் சேர்த்துக் கெடுக்கும் என்பதும் உண்மை.

முட்டையும் பாத்திரமும்

வெள்ளை ஓட்டு முட்டையே புதியவர்களுக்கு நல்லது. பழுப்பு முட்டையும் கரையும். ஆனால் அதன் நிறம் ஓட்டின் வெளிப்பக்கத்தில் படிந்திருக்கும் ஒரு நிறமி. அது அமிலத்தில் கரையாமல் பழுப்பு நுரையாக மேலே மிதந்து வரும். கெட்டுப்போய்விட்டதோ என்று நினைக்கத் தேவையில்லை.

வகுப்பறைக்குக் காடை முட்டைதான் மிக வசதி. ஒன்று பத்து கிராம் அளவுதான், 60 மி.லி. வினிகர் போதும், ஒரு நாளுக்குள் பெரும்பாலும் முடிந்துவிடும். ஒரே வினிகர் பாட்டிலில் முழு வகுப்புக்கும் செய்துவிடலாம். வாத்து முட்டை ஓடு தடிமன் அதிகம், வினிகரும் நேரமும் கூடுதலாகும்.

விரிசல் இருக்கிறதா என்று இருட்டில் கைபேசி டார்ச்சின் மேல் முட்டையை வைத்துச் சுற்றிப் பாருங்கள். மயிரிழை விரிசல்கூட வெளிச்சக் கோடாகத் தெரியும். அப்படிப்பட்ட முட்டையை ஒதுக்கிவிடுங்கள். ஓட்டோடு உள்சவ்வும் கிழிந்திருந்தால் வெள்ளைக் கரு வெளியே கசியும். அமிலம் பட்டதும் அந்தப் புரதம் உறைந்து வெள்ளை நூல் போல் தொங்கும். கீறல் முட்டையை வேகவைக்கும்போது தண்ணீரில் ஒரு ஸ்பூன் வினிகர் விடுகிறார்களே, அதற்கும் காரணம் இதே உறைதல்தான். கசிவு தொடங்கிய இடத்திலேயே அடைத்துக்கொள்கிறது.

பாத்திரம் கண்ணாடி டம்ளராக இருந்தால் உள்ளே நடப்பதைப் பார்க்கலாம். எவர்சில்வரும் பரவாயில்லை. அலுமினியம், பித்தளை, செம்பு கூடாது. வினிகர் அந்த உலோகங்களோடும் வினைபுரியும், செம்பும் பித்தளையும் பச்சையாகக் களிம்பு ஏறும். டம்ளர் முட்டையைவிடக் கொஞ்சம் அகலமாக இருக்கட்டும், சுவரை ஒட்டி நிற்கும் பக்கத்தில் அமிலம் சரியாகப் போகாது.

எங்கே வைக்கிறீர்கள் என்பதையும் பாருங்கள். பல வீடுகளில் சமையல் மேடை கடப்பைக் கல். அது சுண்ணாம்புக்கல் வகை. தரை சலவைக்கல்லாக இருந்தால் அதுவும் அப்படியே. வினிகர் சிந்தினால் முட்டை ஓட்டுக்கு நடப்பது அந்தக் கல்லுக்கும் நடக்கும். பளபளப்பு போய் மங்கலான வட்டம் விழும், துடைத்தால் போகாது. கிரானைட் மேடைக்கு இந்தப் பயம் இல்லை. எதுவானாலும் டம்ளருக்குக் கீழே ஒரு எவர்சில்வர் தட்டு வைத்துவிடுங்கள்.

செய்முறை

1. முட்டையைத் தண்ணீரில் கழுவித் துடைத்து எடை போடுங்கள். சமையலறைத் தராசு ஒரு கிராம் காட்டினால் போதும். நடுவில் நூலைச் சுற்றிச் சுற்றளவையும் அளந்து எழுதுங்கள். இந்த இரண்டு எண்ணும் இல்லாவிட்டால் பின்னால் வரும் சவ்வூடு பரவல் (சவ்வு வழியே தண்ணீர் உள்ளும் வெளியும் போவது) பகுதியில் சொல்ல ஒன்றும் இருக்காது.

2. டம்ளரில் முட்டையை மெதுவாக வைத்து, முட்டைக்கு மேல் இரண்டு விரல் உயரம் நிற்கும்படி வினிகர் ஊற்றுங்கள். 150 மி.லி. முதல் 200 மி.லி. பிடிக்கும். சில நொடிகளில் ஓடு முழுக்கப் பொடிக் குமிழ்கள் பூக்கும்.

3. தட்டு ஒன்றைச் சும்மா மேலே வைத்து மூடுங்கள். திருகு மூடி போடவே கூடாது. 5 கிராம் ஓடு முழுவதும் கரைந்தால் வெளிவரும் கார்பன் டை ஆக்சைடு அறை வெப்பத்தில் சுமார் 1.2 லிட்டர். இறுக மூடிய பாட்டிலுக்குள் அது போக இடமில்லை, பாட்டில் வெடிக்கும்.

4. முதல் சில மணி நேரம் அவ்வப்போது ஸ்பூனால் முட்டையைத் திருப்பிவிடுங்கள். குமிழ்கள் ஒட்டிக்கொண்டு முட்டையை மேலே தூக்கும். மேலே வந்ததும் சில குமிழ் உடைந்து முட்டை தானாகவே உருளும். வினிகருக்கு வெளியே நிற்கும் பகுதி கரையாது. விடாமல் மிதந்தால், முட்டையின் மேல் தண்ணீர் நிரப்பிய சிறு பிளாஸ்டிக் பையை வையுங்கள்.

5. பன்னிரண்டு மணி நேரத்தில் மேலே வெள்ளை அழுக்கு மாதிரி ஒரு நுரை நிற்கும். ஓட்டின் வெளித்தோல், அதில் ஒட்டியிருந்த புரதம் எல்லாம் அதுதான். வடித்துவிடலாம், விட்டாலும் கேடில்லை.

6. ஒரு நாள் முடிந்ததும் கையால் முட்டையைத் தாங்கிப் பிடித்து வினிகரைக் கொட்டுங்கள். குழாய்த் தண்ணீரைச் சன்னமாக விட்டு, விரல் நுனிச் சதையால் வருடிக் கொடுங்கள். மாவு போல மென்மையாகிவிட்ட ஓடு வழிந்து போகும். நகம் படக்கூடாது. வராத இடத்தைச் சுரண்டாதீர்கள். அங்கே ஓடு இன்னும் சவ்வோடு பிடித்திருக்கிறது, இழுத்தால் சவ்வும் சேர்ந்து வரும்.

7. புது வினிகர் ஊற்றி இன்னொரு நாள் வையுங்கள். குமிழ் வருவது முழுக்க நின்றால் கால்சியம் தீர்ந்துவிட்டது. மறுபடி கழுவி, ஈரம் ஒற்றி, எடையும் சுற்றளவும் எடுங்கள்.

சென்னை மே மாதத்துக் கூடத்தில் ஒரு நாளிலேயே முக்கால்வாசி முடிந்துவிடும். ஊட்டிக் குளிரில் இரண்டு நாள் முழுசாக வேண்டும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் மூன்று நாள்கூட ஆகலாம். அவசரப்பட்டு வினிகரைச் சூடாக்காதீர்கள். அறுபது டிகிரி தாண்டினால் வெள்ளைக் கரு வெந்து கெட்டியாகத் தொடங்கிவிடும்.

பச்சை முட்டையில் சால்மொனெல்லா என்ற நோய்க்கிருமி இருக்கலாம் என்பதை மறக்க வேண்டாம். ஒவ்வொரு முறை தொட்ட பிறகும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். ஊறிய முட்டையைச் சாப்பிடக் கூடாது. பாத்திரம் தேய்க்கும் நாரை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். டம்ளரை பிளீச்சால் சுத்தம் செய்வதானால் வினிகரைத் தண்ணீரில் முற்றாகக் கழுவிய பிறகே. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வரும்.

மிஞ்சியது எது?

ஓட்டுக்குள் சவ்வு ஒன்றல்ல, இரண்டு. வெளிச்சவ்வு ஓட்டோடு ஒட்டியது, உள்சவ்வு வெள்ளைக் கருவைச் சுற்றியது. முட்டையின் மொக்கைப் பக்கத்தில் இவை இரண்டும் பிரிந்து நிற்கும் இடைவெளிதான் காற்றறை. ஓடு போன முட்டையை டார்ச் மேல் வைத்தால் அந்தக் காற்றறை ஒரு வட்டத் தொப்பியாகத் தெரியும். முட்டையை மெதுவாகப் புரட்டிப் பாருங்கள், மஞ்சள் கரு மேல்பக்கம் தேடி நகரும். அது வெள்ளைக் கருவைவிடச் சற்று இலேசானது.

இந்தச் சவ்வுகள் கொலாஜன் உள்ளிட்ட புரத இழைகளால் நெய்யப்பட்டவை. இழைகளுக்கு நடுவே உறுதியான குறுக்குப் பிணைப்புகள் இருப்பதால் வினிகர் போன்ற பலவீன அமிலம் அவற்றைக் கரைப்பதில்லை. கால்சியம் கார்பனேட் உப்பு, சவ்வு புரதம். அமிலம் முன்னதை அழிக்கிறது, பின்னதை விட்டுவிடுகிறது.

அதற்காக அமிலம் உள்ளே போகவில்லை என்று நினைக்க வேண்டாம். அசிட்டிக் அமில மூலக்கூறு சின்னது, சவ்வைத் தாண்டிப் போகும். நான்கைந்து நாள் விட்டுவிட்டால் சவ்வை ஒட்டிய வெள்ளைக் கரு கலங்கி, பிசுபிசுத்துக் கெட்டியாகும். சவ்வூடு பரவல் சோதனைக்கு அப்படிப்பட்ட முட்டை உதவாது. இரண்டு நாளோடு எடுத்துவிடுவது அதனால்தான்.

துள்ள விடுவதைப் பற்றி ஒரு வார்த்தை. பச்சை முட்டையைத் தட்டின் மேல் இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விடுங்கள், அதற்கு மேல் வேண்டாம். உயரமாகத் துள்ள வேண்டுமென்றால் முதலில் முட்டையை நன்றாக வேகவைத்து, ஓடோடு வினிகரில் ஊறப் போடுங்கள். சின்னப் பிள்ளைகள் செய்வதாக இருந்தால் இதுவே சுத்தம், உடைந்தாலும் வழியாது. ஆனால் அடுத்த பகுதிக்குப் பச்சை முட்டைதான் வேண்டும்.

எடை ஏன் கூடியது?

இங்கேதான் பலர் அசந்துபோவார்கள். ஐந்து கிராம் ஓடு போய்விட்டது, ஆனால் தராசில் எடை ஆரம்பத்தைவிடக் கூடுதல். சுற்றளவும் கூடியிருக்கும். வினிகரில் 95% தண்ணீர்தான். வெள்ளைக் கருவிலோ 88% தண்ணீர், மீதியில் பெரும்பங்கு புரதம். ஓடு இருந்தவரை அதன் விறைப்பு உப்பவிடவில்லை. ஓடு போனதும் தண்ணீர் சவ்வு வழியே உள்ளே நுழைய, பெரிய புரத மூலக்கூறுகள் வெளியே வர முடியாமல் நிற்க, முட்டை உப்புகிறது.

இதைத் தெளிவாகக் காட்ட ஓடில்லா முட்டை இரண்டு தயார் செய்யுங்கள். ஒன்றைச் சாதாரணத் தண்ணீரில் போடுங்கள். மற்றதைச் சர்க்கரைப் பாகில். பாகு அளவு: 100 மி.லி. தண்ணீருக்கு 200 கிராம் சர்க்கரை, சூடாக்கிக் கரைத்து, முழுக்க ஆறவிட்டு ஊற்ற வேண்டும். ஒரு முட்டை மூழ்க இதைப்போல் இரண்டு பங்கு தேவைப்படும். தேன் இருந்தாலும் நடக்கும், ஆனால் அவ்வளவு தேனை வீணாக்குவானேன். இரண்டு டம்ளரையும் குளிர்சாதனப் பெட்டியில் ஒரு நாள் வையுங்கள். அமிலம் இப்போது இல்லாததால் வெளியே வைத்தால் கிருமி பெருகும்.

பாகு முட்டையைவிட அடர்த்தி மிகுந்தது, அதனால் முட்டை மிதக்கும். மேலே ஒரு சிறு கிண்ணத்தைக் கவிழ்த்து அமுக்குங்கள். முதல் ஒரு மணி நேரத்தில் டம்ளரை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, முட்டையின் பக்கவாட்டை உற்றுப் பாருங்கள். நெளிநெளியாகக் கண்ணாடிக் கோடுகள் மேலே ஏறும். முட்டையிலிருந்து வெளியேறும் தண்ணீர் பாகைவிட இலேசானதால் அப்படி ஏறுகிறது. மறுநாள் பாகின் மேல் தண்ணீர்ப் படலம் ஒன்று தனியாக நிற்கும். முட்டை சுருங்கி, தோல் தொங்கி, உள்ளே மஞ்சள் கரு மேடாகத் தெரியும்.

தண்ணீரில் போட்டது இறுக்கமாக ஊதி நிற்கும். அதைத் தட்டின் மேல் பிடித்துக் குண்டூசியால் குத்தினால் உள்ளழுத்தத்தில் வெள்ளைக் கரு பீய்ச்சி அடிக்கும். முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

சுருங்கிய முட்டையைக் கொட்டிவிட வேண்டாம். கழுவித் தண்ணீரில் போட்டால் மறுபடி உப்பும். சவ்வு கெடவில்லை, தண்ணீர் இரு திசையிலும் போகும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை.

மேல்வகுப்பு மாணவர்கள் இதோடு நிறுத்த வேண்டியதில்லை. 0, 5, 10, 20, 40% சர்க்கரைக் கரைசல்களில் ஒவ்வொரு முட்டை போட்டு, பல மணி நேரத்துக்குப் பின் எடை மாற்றத்தைச் சதவீதமாகக் கணக்கிட்டு வரைபடம் போடுங்கள். உதாரணத்துக்கு 72 கிராம் முட்டை 80 கிராம் ஆனால் மாற்றம் 8 ÷ 72, அதாவது 11%. முட்டைகள் ஒரே எடையில் இருக்காது என்பதால் கிராமாக ஒப்பிடுவது தப்பு. கோடு பூஜ்யத்தை வெட்டும் இடத்தில் வெளிக்கரைசலும் முட்டையின் உள்ளும் சமம். எடை போடுமுன் ஒவ்வொரு முட்டையையும் டிஷ்யூவில் ஒரே மாதிரி ஒற்றுங்கள். ஒன்றை ஈரமாகவும் இன்னொன்றைக் காய்ந்தும் வைத்தால் ஒன்றிரண்டு கிராம் பிழை வந்துவிடும். ஆரம்ப எடையை வினிகரிலிருந்து எடுத்த பிறகு போட வேண்டும், ஓடு இருந்தபோது எடுத்த எடை இந்தக் கணக்குக்கு ஆகாது.

ஒரு திருத்தம். பாடப் புத்தகங்கள் இந்தச் சவ்வை அரைகுறை ஊடுருவு சவ்வு, அதாவது தண்ணீரை விட்டுக் கரைந்த பொருளைத் தடுக்கும் சவ்வு, என்று சொல்லி முடித்துவிடும். முட்டைச் சவ்வு அத்தனை கறாரானதல்ல. புரதத்தைத் தடுக்கும், உப்பின் அயனிகளையும் உணவு நிறமிகளையும் மெல்ல உள்ளே விடும். தண்ணீரில் சில சொட்டு உணவு நிறம் கலந்து வைத்தால் முட்டையின் உள்ளும் நிறம் ஏறுவதைப் பார்க்கலாம். உப்புக் கரைசலில் முட்டை எதிர்பார்த்த அளவு சுருங்காததற்கும் இதுவே காரணம். சர்க்கரை மூலக்கூறு பெரிது, தண்ணீரைவிட மிக மெதுவாக நகரும். ஆகவே சுருக்கிக் காட்டச் சர்க்கரையே சரி.

எலுமிச்சை, புளி, கோலா

வீட்டில் வினிகர் இல்லை, எலுமிச்சம்பழம் இருக்கிறது, ஆகாதா? எலுமிச்சைச் சாற்றில் சிட்ரிக் அமிலம் 5% அளவுக்கு உண்டு, பிஎச் வினிகரைவிடக் கொஞ்சம் குறைவுகூட. ஆரம்பத்தில் குமிழ் சீறிக்கொண்டு வரும். ஆனால் உண்டாகும் கால்சியம் சிட்ரேட் தண்ணீரில் சரியாகக் கரையாது. வெள்ளைப் பொருக்காக ஓட்டின் மேலேயே படிந்து வழியை அடைக்கும். அடிக்கடி துடைத்து, சாற்றை மாற்றினால்தான் நகரும். புளித் தண்ணீரிலும் இதே சிக்கல், டார்டாரிக் அமிலத்தின் கால்சியம் உப்பும் கரையாது.

கோலா பானத்தின் கதை வேறு. அதன் பிஎச் சுமார் 2.5, கிட்டத்தட்ட வினிகர் அளவு. இரண்டு நாள் போட்டாலும் ஓடு போகாது. பிஎச் சொல்வது அந்த நேரத்தில் எத்தனை ஹைட்ரஜன் அயனி திரிகிறது என்பதை மட்டும்; இருப்பில் எவ்வளவு அமிலம் என்பதை அது சொல்லாது. வினிகரில் லிட்டருக்கு 40 கிராம் அமிலம் இருப்பில் இருக்கிறது, கோலாவில் பாஸ்பாரிக் அமிலம் ஒரு கிராம்கூட இல்லை. ஓட்டின் மேல்பரப்பு சொரசொரப்பாகிப் பழுப்பேறும், அத்தோடு சரி. பல் இப்படித்தான் கரையும் என்று இந்தச் சோதனையைக் காட்டுவார்கள். பல்லின் எனாமல் கால்சியம் கார்பனேட் அல்ல, ஹைட்ராக்சி அபடைட் என்ற கால்சியம் பாஸ்பேட். அமிலம் இரண்டையும் அரிக்கும், ஆனால் வேகமும் விதமும் வேறு. பிள்ளைகளிடம் அந்த வித்தியாசத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அமிலம் தொட முடியாத இடத்தில் ஓடு அப்படியே நிற்கும் என்பதையும் காட்டலாம். மெழுகுவத்தியால் ஓட்டின் மேல் அழுத்திப் பெயர் எழுதி, அரை மணி நேரம் வினிகரில் வைத்துப் பார்த்தால் எழுத்து மட்டும் மேடாக நிற்கும். ஜெர்மனியின் கிழக்கில் வாழும் சோர்ப் மக்கள் ஈஸ்டர் முட்டை அலங்கரிக்கும் முறைகளில் இப்படி அமிலத்தால் அரித்து எடுப்பதும் ஒன்று.

குமிழில் இருப்பது கார்பன் டை ஆக்சைடுதானா?

வெற்றிலைச் சுண்ணாம்பு ஒரு ஸ்பூனை 200 மி.லி. தண்ணீரில் கலக்கி ஓர் இரவு தெளியவிடுங்கள். மேலே நிற்கும் தெளிந்த நீரை மட்டும் சாய்த்து எடுங்கள். இதுதான் சுண்ணாம்பு நீர். கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முழு முட்டையில் வாயு மெதுவாக வரும் என்பதால் இதற்குக் காய்ந்த ஓட்டைப் பொடித்துப் பயன்படுத்துவது நல்லது, பரப்பு கூடி வினை வேகமாகும். ஒரு லிட்டர் பாட்டிலில் 5 கிராம் பொடி, 150 மி.லி. வினிகர் விட்டு, துளையிட்ட மூடி வழியே ஒரு குழாயைச் செருகி மறுமுனையைச் சுண்ணாம்பு நீரில் விடுங்கள். நீர் பால் நிறமாகும். அந்த வெண்மை கால்சியம் கார்பனேட், ஓட்டில் கரைந்து போன அதே பொருள். வாயுவைத் தொடர்ந்து செலுத்தினால் கால்சியம் பைகார்பனேட்டாக மாறி நீர் மறுபடி தெளியும். மூடித் துளையும் குழாயும் அடைபடாமல் இருக்கிறதா என்று தொடங்கும் முன் ஊதிப் பாருங்கள்.

கொட்டப் போகும் பழைய வினிகரில் கரைந்த கால்சியத்தையும் கண்ணால் பார்க்கலாம். அகலமான தட்டில் ஊற்றி வெயிலில் காயவைத்தால் கால்சியம் அசிட்டேட் வெள்ளைப் பொருக்காக மிஞ்சும்.

தோட்டத்துக்கு: முட்டை அமிலம்

இதே வேதியியலை இயற்கை வேளாண்மை செய்வோர் பல காலமாகக் கையாள்கிறார்கள். ஐந்து முதல் பத்து முட்டையை ஒரு டப்பாவில் வைத்து, முழுக்க மூழ்கும்படி எலுமிச்சைச் சாறு பிழிந்து ஊற்றுவார்கள். 20 முதல் 25 பழம் பிடிக்கும். பத்து நாள் கழித்து முட்டையை நசுக்கிக் கலக்கி, அதே அளவு கெட்டி வெல்லப் பாகு சேர்த்து இன்னும் பத்து நாள் வைப்பார்கள். லிட்டர் தண்ணீருக்கு 1 முதல் 2 மி.லி. கலந்து இலைமேல் தெளிப்பது வழக்கம். இங்கே முட்டை உடையாமல் வர வேண்டிய அவசியம் இல்லை, நாளும் பத்து இருக்கிறது, அதனால் எலுமிச்சையின் மந்தம் ஒரு தடையாவதில்லை. அடியில் தங்கும் வெள்ளை வண்டல் கால்சியம் சிட்ரேட். தெளிப்பானின் முனையை அது அடைக்கும், எனவே துணியில் வடிகட்டிய பிறகே ஊற்ற வேண்டும். காற்றுப் புகாமல் மூடி வைக்கச் சொல்லும் குறிப்புகளை முதல் மூன்று நான்கு நாளுக்குப் பின்பற்றாதீர்கள். பத்து முட்டையின் ஓடு சேர்ந்து தரக்கூடிய வாயு 12 லிட்டர் வரை. அந்த நாள்களில் மூடியைத் தளர்வாக வைத்து, குமிழ் அடங்கிய பிறகு இறுக்கிக்கொள்ளுங்கள்.